வயிற்றுச் சதையில் புது மார்பகம்

கேள்வி: எனக்கு வயது 47. புற்றுநோயால் ஒரு மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். வயிற்றுச் சதையைக் கொண்டே புதிதாக அமைக்கலாம் என்கிறார்கள், டாக்டர். பயமாக இருக்கிறது.
– வாசகி, கிள்ளான்

பதில்: பயம் இயல்புதான், சகோதரி. தொப்புளுக்குக் கீழுள்ள தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாய்களோடு எடுத்து, நெஞ்சிலுள்ள குழாய்களுடன் நுண்ணோக்கி வைத்துத் தைப்பார்கள். 1980-களில் வயிற்றுத் தசையையும் சேர்த்து எடுத்தார்கள். இப்போதைய 'டீப்' முறையில் தசையை விட்டுவிடுவதால் வயிறு அதிகம் தளர்வதில்லை.

அறுவை சிகிச்சைக்கு 6 முதல் 8 மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் இரண்டு நாள் தாதிகள் அடிக்கடி எழுப்பி, புது மார்பின் நிறத்தையும் சூட்டையும் பார்ப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், குழாய் அடைத்தால் உடனே திறந்து சரிசெய்தால்தான் சதை பிழைக்கும். அரிதாகப் பிழைக்காமலும் போகும், அதை நான் மறைக்க விரும்பவில்லை. புகைபிடிப்பதும் கட்டுப்படாத இனிப்பு நீரும் ஆபத்தைக் கூட்டும்.

வீடு திரும்பியபின் சுமார் 6 வாரம் அரிசி மூட்டையோ பேரப்பிள்ளையோ தூக்க வேண்டாம். புது மார்பில் உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது. சுடுநீர்ப் பை வைத்தால் தோல் வெந்தாலும் தெரியாது, கவனம்! முலைக்காம்பு அமைப்பது பிறகு, விரும்பினால் மட்டும்.

லெம்பா பந்தாயிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் மார்பகப் பிரிவு உண்டு. அறுவை நிபுணர் யாரானாலும், இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள்.