கண் பரிசோதனைக்கு யாரும் அனுப்பவில்லை: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: எங்களுக்குத் திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். ஏழாவது மாதத்தில் எனக்கு பிரஷர் அதிகமாகி, தனியார் மருத்துவமனையில் அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். 30 வாரம், எடை 1 கிலோ 300 கிராம். 36 நாள் இன்குபேட்டரில் ஆக்ஸிஜன் வைத்துப் பார்த்தார்கள். நகையை அடகு வைத்து 3 லட்சத்து 80 ஆயிரம் கட்டினோம். வீட்டுக்கு அனுப்பும்போது இரும்புச்சத்து சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்துக் காட்டச் சொன்னார்கள். போனோம். எடை பார்த்துவிட்டு 'நல்லா இருக்கான்' என்றார்கள்.

ஐந்தாவது மாதம் என் மாமியார்தான், 'கிலுகிலுப்பை சத்தத்துக்குத் திரும்புறான், விளக்கைக் காட்டினா பார்க்க மாட்டேங்கிறான்' என்று கண்டுபிடித்தார். மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு கண்ணிலும் விழித்திரை முழுவதும் பிரிந்துவிட்டது என்றார்கள். 'பிறந்து ஒரு மாசத்துக்குள்ள ஆர்ஓபி டெஸ்ட் எடுக்கலையா?' என்று டாக்டர் கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

இப்போது மகனுக்கு 20 மாதம். பிரசவம் பார்த்த மருத்துவமனையில் கேட்டால், 'குறைமாதத்தில் பிறந்தால் இப்படி ஆகும், எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுத்தானே சேர்த்தீர்கள்?' என்கிறார்கள். கேஸ் ஷீட் தர மறுக்கிறார்கள். மேனேஜர் 2 லட்சம் தருவதாகவும் பத்திரத்தில் கையெழுத்து வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். போலீஸில் புகார் கொடுக்கச் சொல்கிறார் கொழுந்தனார். என் பிள்ளைக்கு நான்தான் ஏதோ செய்யாமல் விட்டுவிட்டேனோ என்று மனசு அறுக்கிறது. என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்தப் பத்திரத்தில் நீங்களோ உங்கள் கணவரோ கையெழுத்துப் போடாதீர்கள். நாளை நீங்கள் வழக்குப் போட்டால், 'முழுத் திருப்தியாகப் பணம் வாங்கிவிட்டார்கள், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவார்கள். நீதிமன்றத்தில் நடக்கும் ஒரு வழக்கில் மைனர் சார்பில் சமரசம் செய்யவே நீதிபதியின் அனுமதி வேண்டும். குழந்தையின் உரிமையைப் பெற்றோர்கூட எளிதில் விட்டுக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. வாழ்நாள் முழுவதும் பார்வையில்லாமல் வாழப்போகும் பிள்ளையின் உரிமையை ஒரு மேனேஜரின் மேசையில் எழுதி முடிக்க விடாதீர்கள்.

உங்கள் மேல் தவறு இல்லை சகோதரி. மதுரை டாக்டர் கேட்ட ஆர்ஓபி என்பது குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைத் தாக்கும் நோய். அது வெளியே எதையும் காட்டாது; கண் சிவக்காது, நீர் வடியாது. கருவில் குழந்தையின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வளர்ந்து, நிறைமாதத்தை ஒட்டித்தான் முழுமை அடைகின்றன. 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நிற்கிறது. உயிர் காக்கக் கொடுக்கும் ஆக்ஸிஜன் அளவு மிஞ்சினால் ஆபத்து கூடுகிறது. பிறகு தாறுமாறாகப் புதுக் குழாய்கள் முளைத்து, தழும்பாகி, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடுகின்றன. சில வாரங்களில் நடந்து முடிந்துவிடும் இதை, கண்ணில் மருந்து ஊற்றிக் கண்பாவையை விரித்து உள்ளே பார்க்கத் தெரிந்த கண் மருத்துவரால் மட்டுமே கண்டுபிடிக்க முடியும். உரிய நேரத்தில் பிடித்தால் லேசர் சிகிச்சையோ கண்ணுக்குள் ஊசியோ பெரும்பாலான குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்றிவிடுகிறது. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதுதான் இந்தியாவில் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். மிகவும் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே பார்க்க வேண்டும். (இதைப் படிப்பவர்கள் யார் வீட்டிலாவது இப்போது குறைமாதக் குழந்தை இருந்தால், டாக்டர் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள்.)

உங்கள் மகன் 36 நாள் அவர்கள் கையில் இருந்தான். அந்த 30-வது நாள் அவர்கள் கண்காணிப்பிலேயே கடந்து போனது. இரண்டு வாரம் கழித்து, ஏறத்தாழ 50-வது நாளில் நீங்கள் மறுபடி தூக்கிக்கொண்டு போனீர்கள். அன்றைக்கும் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் வழக்கின் அடித்தளம் இதுதான். 'குறைமாதத்தில் பிறந்தால் இப்படி ஆகும்' என்று அவர்கள் சொல்வது மருத்துவ உண்மை. ஆனால் சட்டத்தின் முன் அது அவர்களுக்கே எதிரான வாதம். ஆகும் என்று தெரிந்தவர்கள்தானே பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும்?

இதே போன்ற வழக்கு தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் 29 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை. எடை 1,250 கிராம். கண் பரிசோதனை செய்யாமல், பெற்றோரை எச்சரிக்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்வை போயிற்று. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் கொடுத்தது. அப்பா விடவில்லை. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், எதிர்கால மருத்துவச் செலவையும் விலைவாசி உயர்வையும் கணக்கிட்டு, இழப்பீட்டை ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது. மருத்துவர்களோடு, வேலைக்கு வைத்த அரசையும் பொறுப்பாக்கியது. 2019-இல் டெல்லித் தனியார் மருத்துவமனை ஒன்றின் மீதான ஆர்ஓபி வழக்கில், பரிசோதனை செய்துவிட்டோம் என்று மருத்துவமனை வாதிட்டது. உச்ச நீதிமன்றம் அதை நம்பாமல் 76 லட்சம் வழங்க உத்தரவிட்டது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எழும்பூர் வழக்கில் இறுதித் தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு 18 வயது. எல்லா வழக்கும் அவ்வளவு இழுக்காது என்றாலும், ஆறு மாதத்தில் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கும் மயக்க மருந்துக்கும் நீங்கள் போட்ட கையெழுத்து, அந்த சிகிச்சையில் இயல்பாக உள்ள ஆபத்துகளை ஏற்றுக்கொண்டதற்குத்தான். அவர்கள் கவனக்குறைவாக நடந்துகொள்வதற்கு அது அனுமதி ஆகாது. உங்களிடம் சொல்லவே சொல்லாத ஒரு பரிசோதனையை நீங்கள் வேண்டாம் என்றதாகவும் ஆகாது.

அடுத்தது கேஸ் ஷீட். 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிமுறைகளின்படி நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு அவற்றைப் பாதுகாக்கவும் வேண்டும். வாயால் கேட்காதீர்கள். தாயும் காப்பாளருமாக நீங்கள் ஒரு பக்கக் கடிதம் எழுதி, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 'எல்லாப் பதிவுகளும்' என்று மொத்தமாக எழுதாமல் பெயர் சொல்லிக் கேளுங்கள்: பச்சிளம் குழந்தைப் பிரிவின் தினசரிக் குறிப்புகள், நர்ஸ் எழுதிய சார்ட், ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் எத்தனை மணி நேரம் கொடுத்தார்கள் என்ற பதிவு, கண் மருத்துவரை அழைத்ததற்கோ அனுப்பியதற்கோ குறிப்பு இருந்தால் அது, மறுபரிசோதனைக்கு வந்த நாளின் ஓ.பி. சீட்டு. தராவிட்டாலும் நஷ்டமில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டு மூலப் பதிவுகளை வரவழைக்கலாம். மறைப்பவர் மீதுதான் சந்தேகம் விழும். உங்கள் கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை இன்றைக்கே நகலெடுத்து வையுங்கள். சொட்டு மருந்தை எழுதியவர்கள் கண்ணைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை என்றால், உங்கள் தரப்பின் வலுவான ஆவணம் அந்தத் தாள்தான்.

சம்மரி மட்டும் போதாது. சரியான நேரத்தில் பார்த்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்பதையும் நாம் காட்ட வேண்டும். மதுரையில் பார்த்த விழித்திரை மருத்துவரிடம் இதைப் பற்றி எழுத்தில் கருத்துக் கேளுங்கள். ஒவ்வொரு வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு கடிதம் இருந்தால் எதிர்த்தரப்பு வாதத்தில் பாதி அடிபட்டுப்போகும். சக மருத்துவருக்கு எதிராக எழுதித் தரப் பலர் தயங்குவார்கள். ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் போங்கள்.

வழக்கை எங்கே போடுவது? நீங்கள் பணம் கட்டி சிகிச்சை பெற்றவர்கள். 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இது நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டது. (முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பில் கட்டப்பட்டிருந்தாலும் அது இலவச சேவை ஆகாது. எல்லாருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு மருத்துவமனை என்றால் வழி வேறு: உயர் நீதிமன்ற ரிட் அல்லது சிவில் வழக்கு.) எந்த ஆணையம் என்பதைக் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, நீங்கள் கட்டிய தொகைதான் தீர்மானிக்கிறது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் திண்டுக்கல் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். குழந்தைக்கு ஒரு கோரிக்கை, பெற்றோரான உங்கள் மன வேதனைக்குத் தனிக் கோரிக்கை என இரண்டையும் வைக்கலாம்; 1998-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. வக்கீல் வைக்க வசதியில்லை என்று தயங்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

கொழுந்தனாரின் கோபம் நியாயமானது. ஆனால் குற்ற வழக்குக்கு சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. சுயேச்சையான மருத்துவக் கருத்து கிடைக்காமல் போலீஸ் மேலே நகராது. அது சாதகமாக வராவிட்டால் 'போலீஸே குற்றமில்லை என்றது' என்று உங்கள் இழப்பீட்டு வழக்கில் வந்து நிற்பார்கள். என் யோசனை, இப்போது அந்தப் பக்கம் போக வேண்டாம். வேண்டுமானால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தனியாகப் புகார் கொடுங்கள். மருத்துவரின் பதிவின் மீது நடவடிக்கை எடுக்க அதற்கு அதிகாரம் உண்டு, பணம் வாங்கித் தர அதிகாரம் இல்லை.

எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தில் உள்ள '20 மாதம்' என்ற சொல். நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டு. உள்ளே மறைந்திருக்கும் பாதிப்பு என்றால் தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்று தீர்ப்பு இருக்கிறது. அந்தக் கணக்கில் உங்களுக்கு இன்னும் ஒன்பது மாதம் கிடைக்கலாம். தாமதத்தை மன்னிக்கச் சொல்லியும் மனுப் போடலாம். இரண்டையும் நம்பி இருக்காதீர்கள். பிறந்த நாளிலிருந்து எண்ணினாலும் கெடுவுக்குள் இருக்கும்படி தாக்கல் செய்துவிட்டால், அந்த வாதத்துக்கே இடமில்லை. கேஸ் ஷீட் கேட்டு இந்த வாரமே கடிதம் அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் மூன்று மாதத்துக்குள் உங்கள் மனு ஆணையத்தில் எண் பெற்றிருக்க வேண்டும்.