சக்கரம் இறங்கவில்லை: இனி யார் என்ன செய்வது?

2011 நவம்பர் 1. நெவார்க்கிலிருந்து புறப்பட்ட லாட் போலிஷ் ஏர்லைன்ஸின் போயிங் 767, ஒரு சக்கரம்கூட இறங்காத நிலையில் வார்சா விமான நிலைய ஓடுபாதையில் வயிறு தேய இறங்கியது. உள்ளே இருந்த 231 பேரில் ஒருவருக்கும் பெரிய காயம் இல்லை.

1972 டிசம்பர் 29. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401ஆம் எண் டிரைஸ்டார் விமானம், மயாமி அருகே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் மூக்குச் சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. அதைக் காட்டும் விளக்கின் பல்புகள்தான் எரிந்துபோயிருந்தன.

பெரிய கோளாறில் எல்லோரும் பிழைத்தார்கள். ஒரு விளக்குக்காக 101 பேர் போனார்கள். கோளாறு வந்த பிறகு, இருக்கிற ஆட்களும் நேரமும் கவனமும் எப்படிப் பங்கிடப்பட்டன என்பதே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்ட ஐடி குழுவானாலும், ஏற்றுமதிக்கு முதல் நாள் இயந்திரம் நின்றுபோன பனியன் கம்பெனியானாலும் பிரச்சினை இதுவேதான். விமானிகள் உயிர் கொடுத்துக் கற்ற ஐந்து பழக்கங்கள் இங்கே.

1. வேலையைப் பிரித்த பிறகே கோளாறைத் தொடுங்கள்

விமானி அறையில் லேண்டிங் கியர் நெம்புகோலைக் கீழே தள்ளினால், சில நொடிகளில் பச்சை விளக்குகள் எரிய வேண்டும். அன்று மயாமியில் மூக்குச் சக்கரத்துக்கான விளக்கு எரியவில்லை. 2,000 அடி உயரத்தில் தானியங்கிக் கருவியிடம் விமானத்தை ஒப்படைத்துவிட்டு, தலைமை விமானியும் துணை விமானியும் விளக்கைக் கழற்றி மாட்டுவதில் இறங்கினார்கள். ஃப்ளைட் இன்ஜினியர் சக்கரத்தைக் கண்ணால் பார்க்கக் கீழ்த்தளத்துக்குப் போனார். இதற்கிடையே ஸ்டியரிங் தண்டை யாரோ தெரியாமல் அழுத்தியதில், உயரத்தைப் பிடித்து வைத்திருந்த ஏற்பாடு விலகிவிட்டது. விமானம் மெல்ல இறங்கத் தொடங்கியது. எச்சரிக்கை மணி ஒலித்தது, யாரும் கவனிக்கவில்லை.

இன்று எந்த விமானத்திலும் முதல் கேள்வி, ‘ஓட்டுவது யார்?’ என்பதுதான். ஒருவர் ஓட்டுவார், ஓட்டுவதை மட்டுமே செய்வார். மற்றவர் கோளாறைப் பார்ப்பார். கைமாற்றினால் வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் வாய்விட்டு ஏற்க வேண்டும். நிதானமாக யோசிப்பதற்காகத் தலைமை விமானியே ஓட்டும் பொறுப்பைத் துணை விமானியிடம் கொடுப்பதும் உண்டு.

உங்கள் குழுவிலும் முதல் நிமிடத்திலேயே மூன்று பெயர்களைச் சொல்லிவிடுங்கள்: கோளாறைச் சரிசெய்பவர், மற்ற வேலைகள் நிற்காமல் பார்த்துக்கொள்பவர், வாடிக்கையாளரிடம் பேசுபவர். ஐந்து பேரும் ஒரே திரையைச் சுற்றி நின்றால், அடுத்த கோளாறு முதுகுக்குப் பின்னால் நடக்கும்.

2. கடிகாரத்தை ஒருவரிடம் ஒப்படையுங்கள்

1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தை நெருங்கிய யுனைடெட் 173 விமானத்தில், சக்கரம் இறங்கும்போது வழக்கத்துக்கு மாறான அதிர்வு. உரிய விளக்கும் எரியவில்லை. இறக்கைமேல் உள்ள அடையாளக் குறிகளோ சக்கரம் இறங்கிவிட்டதாகவே காட்டின. தலைமை விமானி அவசரப்படவில்லை. பயணிகளைத் தயார்படுத்த ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமடித்தார். எரிபொருள் தீர்ந்து, ஓடுபாதையை எட்டும் முன்பே விமானம் புறநகரில் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள்.

வட்டமடிப்பது தவறல்ல. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737, ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் சுற்றியதைத் தமிழ்நாடே பதைப்புடன் பார்த்தது. புறப்பட்டவுடன் விமானம் எரிபொருளால் கனத்திருக்கும். 737இல் எரிபொருளை வானில் கொட்டும் வசதி கிடையாது. ஆகவே எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். அந்த விமானம் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது.

சுற்றும்போது கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதே கேள்வி. ‘எரிபொருள் இந்த அளவுக்கு வந்ததும், விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் இறங்குகிறோம்’ என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். அலுவலகத்திலும் அப்படித்தான். ‘நாலரை மணிக்குள் சரியாகவில்லை என்றால் பழைய பதிப்புக்குத் திரும்புகிறோம்’ என்று பலகையில் எழுதிவையுங்கள். நேரத்தைச் சத்தமாகச் சொல்ல ஒருவரை நியமியுங்கள்.

3. தெரிந்த வேலைக்கும் புத்தகத்தைத் திறங்கள்

ஹைட்ராலிக் அழுத்தம் போய்விட்டாலும் சக்கரத்தை இறக்க மாற்று வழி உண்டு. ஏர்பஸ் ஏ320இல் இரு இருக்கைகளுக்கு நடுவே உள்ள கைப்பிடியை மூன்று சுற்று சுற்ற வேண்டும். 737இல் தரையில் உள்ள சிறு மூடியைத் திறந்து மூன்று பிடிகளை இழுக்க வேண்டும். பூட்டு விலகி, சக்கரம் தன் எடையிலேயே கீழே வரும். பயிற்சியில் பலமுறை செய்ததுதான் இது. ஆனாலும் விமானிகள் நினைவிலிருந்து செய்வதில்லை. ஒருவர் செக்லிஸ்டை வாசிக்க, மற்றவர் சரிபார்க்க, ஒவ்வொரு படியாகப் போகிறார்கள்.

வார்சா விமானத்தில் இந்த மாற்று வழியில் முயன்ற பிறகும் சக்கரம் வரவில்லை. மாற்று வழிக்கு மின்சாரம் கொடுக்கும் சுற்றில் ஒரு சர்க்யூட் பிரேக்கர் திறந்துகிடந்தது. பலகையின் அடிப்பகுதியில், எளிதில் கண்ணில் படாத இடத்தில் இருந்ததால் விமானிகள் அதைக் கவனிக்கவில்லை. பின்னர் விமானத்தைத் தூக்கி நிறுத்தி, அந்த பிரேக்கரை அழுத்தியதும் சக்கரங்கள் இறங்கின.

ஆகவே செக்லிஸ்டை முழுதாக முடியுங்கள். ஒரு படி பலிக்கவில்லை என்றால், ‘இந்தப் படி வேலை செய்ய எது தேவை? அது இருக்கிறதா?’ என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: போலந்தின் விசாரணை அறிக்கை விமானிகளின் கண்ணை மட்டும் குறை சொல்லவில்லை. பிரேக்கர் இருந்த இடத்தையும், அதற்குக் காப்பு இல்லாததையும் சுட்டிக்காட்டியது. உங்கள் ஆய்வுக் கூட்டமும் ‘யார் விட்டது?’ என்பதோடு நின்றுவிடக் கூடாது. ‘ஏன் விடும்படி இருந்தது?’ என்பதில் முடிய வேண்டும்.

4. இளையவருக்கு வாக்கியத்தைக் கொடுங்கள்

போர்ட்லாந்தில் எரிபொருள் குறைவதை ஃப்ளைட் இன்ஜினியர் குறிப்பிட்டார். தலைமை விமானியின் கவனத்தைத் திருப்பும் அளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை. அந்த விபத்தும் அதையொத்த வேறு சிலவும் தொழிலையே மாற்றின. 1979இல் நாசா பயிலரங்கு நடத்தியது; 1981இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்குக் குழுப் பயிற்சியைத் தொடங்கியது. இன்று உலகெங்கும் அது கட்டாயம்.

அதில் கற்பிக்கப்படும் ஏணி எளிது: கேள், எச்சரி, மறுத்துச் சொல், செயலில் இறங்கு. நம் அலுவலக மொழியில் அது இப்படி இருக்கும்:

“சார், பேக்கப் இருக்கான்னு பார்த்துட்டோமா?”

“சார், பேக்கப் இல்ல. இத அழிச்சா திரும்ப எடுக்க முடியாது.”

“சார், இப்ப அழிக்க வேணாம். பத்து நிமிஷம் கொடுங்க, காப்பி எடுத்துடுறேன்.”

அதற்கும் பதில் இல்லையென்றால், அடுத்த மேலாளருக்குப் போன் போட வேண்டியதுதான். இளையவர்களே, மூன்றாவது வாக்கியத்தில் தீர்வும் இருப்பதைக் கவனியுங்கள். மூத்தவர்களே, கருத்துக் கேட்கும்போது உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள்.

5. செய்தியை நான்கு வரியில் சொல்லுங்கள்

2005 செப்டம்பர் 21 அன்று ஜெட்புளூ 292 விமானத்தின் மூக்குச் சக்கரம் குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் இறங்கும் முன் சுமார் மூன்று மணி நேரம் அது வானில் இருந்தது. இருக்கைக்கு முன்னிருந்த டிவியில், தங்கள் விமானத்தைப் பற்றிய நேரலையைப் பயணிகளே பார்த்தார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். முன்பக்கப் பாரத்தைக் குறைக்கப் பயணிகள் பின்னால் நகர்த்தப்பட்டார்கள். முடிந்தவரை மூக்கைத் தரையில் படவிடாமல் தாங்கிய விமானி, தீப்பொறி பறக்க விமானத்தை நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை.

இத்தகைய வேளையில் கேபின் குழுவுக்கு விமானி சொல்வது நான்கே செய்திகள்: என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, உங்களுக்கான தனி உத்தரவு என்ன. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்த முறை குழுவின் வாட்ஸ்அப்பில் ‘ஒரு சின்ன இஷ்யூ, பார்த்துக்கிட்டு இருக்கோம்’ என்று போடுவதற்குப் பதில் இந்த நான்கையும் எழுதிப் பாருங்கள். பாதி தொலைபேசி அழைப்புகள் குறையும்.

விமானிகள் இவற்றை ஆபத்து வேளையில் கற்பதில்லை. சிமுலேட்டரில் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பப் பழகித் தேர்ச்சி காட்ட வேண்டும். உங்களுக்கு சிமுலேட்டர் தேவையில்லை. மாதத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு கற்பனைக் கோளாறை மேசையில் வைத்துப் பெயர்களைப் பிரித்து, நேரக் கெடு வைத்துப் பேசிப் பாருங்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.