வெறிநாய்க்கடி: சொல்லாத குழந்தையும் ஊசி போடாத நாயும்

நாய்க்கடி என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசிதான். பாட்டிமார் சொல்லிச் சொல்லி வளர்த்த அச்சம் அது. அந்த ஊசி இன்று இந்தியாவில் கிடையாது. கசௌலியில் 1911-ஆம் ஆண்டு டேவிட் செம்பிள் என்பவர் கண்ட அம்மருந்து, ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு கைவிடப்பட்டது. இப்பொழுது தோள்பட்டையில் போடுகிறார்கள். நான்கைந்து முறை போனால் முடிந்தது. ஊசி போயிற்று, ஊசியைப் பற்றிய அச்சம் மட்டும் போகவில்லை. அவ்வச்சத்தாலேயே நாய் கீறியதை வீட்டில் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் இன்னும் உண்டு.

மறைத்தால் என்ன ஆகும் என்பதை அறிய, நோயின் போக்கைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். வெறிகொண்ட விலங்கின் உமிழ்நீரில் இந்நோய்க்குரிய வைரஸ் இருக்கிறது. கடிவாய் வழியாகவோ, நகக் கீறல் வழியாகவோ, நாய் நக்கிய புண் வழியாகவோ அது உடலுள் புகும். புகுந்த பின் நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி மெல்ல மெல்ல ஊர்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் செல்லும்; ஒரு வாரத்தில் நோய் கண்டவரும் உண்டு, ஓராண்டு கழித்துக் கண்டவரும் உண்டு. மூளையை எட்டிவிட்டால் தண்ணீரைக் கண்டதும் தொண்டை இறுகும். காற்றுப் பட்டாலே உடல் துடிக்கும். அந்நிலையில் உயிரை மீட்கத்தக்க மருந்து இன்றளவும் இல்லை. ஆக, நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசமெல்லாம் கிருமி வழியில் இருக்கும் காலந்தான். 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், கடிபட்டு இரண்டு நாளான ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் ஊசி மருந்து கொடுக்கத் தொடங்கியதும், அச்சிறுவன் பிழைத்ததும் இந்த அவகாசத்தினால் அன்றோ?

குழந்தைக்கு இந்த அவகாசமும் குறைவு. நாயின் முகமும் குழந்தையின் முகமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால், நமக்குக் காலில் விழும் கடி அதற்குக் கன்னத்திலோ கழுத்திலோ விழுந்துவிடும். அங்கிருந்து மூளைக்கு வழி எவ்வளவு தூரம்? வெறி இருக்குமோ என்று ஐயுறத்தக்க விலங்குகளிடம் கடிபடுவோரில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். “அதன் கிட்டே ஏன் போனாய்?” என்று முதுகில் ஒன்று வைக்கும் வீட்டில், அடுத்த முறை பிள்ளை வாய் திறக்காது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தம்பி தங்கையரிடம் இதைப் பேசுங்கள். கீறலானாலும் சொல், சொன்னால் அடி விழாது என்று உறுதி கூறுங்கள். தின்னும் நாயையும், தூங்கும் நாயையும், குட்டிபோட்ட நாயையும் தொடலாகாது. நாய் துரத்தினால் ஓடாமல் மரம்போல் நிற்கவேண்டும். கீழே விழுந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் கைகளால் மூடிச் சுருண்டுகொள்ள வேண்டும். இவற்றை விளையாட்டாகவே கற்றுக்கொடுத்துவிடலாம்.

கடித்துவிட்டால் முதல் மருத்துவம் குழாயடியில் நடக்கிறது. ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவவேண்டும். இந்த வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை ஒன்று உண்டு; சோப்பு அதைக் கரைத்துவிடுகிறது. ஐந்து ரூபாய்ச் சோப்புக்கு உள்ள ஆற்றல், காயத்தில் அப்பும் சுண்ணாம்புக்கும் மிளகாய்த் தூளுக்கும் இல்லை. அவை புண்ணைக் கிளறிவிடுவதே மிச்சம். கழுவிய கையோடு மருத்துவமனைக்குச் செல்க. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் ஊசி. இரத்தம் கசிந்த காயமானால் ஊசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பு மருந்தைக் காயத்திலேயே செலுத்தவேண்டும். மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பெறத் தயங்கவேண்டாம். நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லதே. அதற்காக ஊசியைத் தள்ளிப்போடுவது பெரும் பிழை. புண் ஆறிவிட்டதென்று இரண்டோடு நிறுத்திவிடுவோரும் பலர்.

இனி வளர்ப்புப் பிராணிகள். நாய்க்குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பின்னர் ஆண்டுதோறும் ஒன்று. பூனைக்கும் இது வேண்டும். பூனையை யாரும் நினைப்பதில்லை. தெருவில் கண்டெடுத்த குட்டியைக் குழந்தைகள் மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். அது கடித்தால் “குட்டிதானே” என்று விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. குட்டிக்கும் வெறி வரும்.

மனிதருக்கு வரும் இந்நோயில் 100-க்கு 99 வரை நாயினால் வருவதாகக் கணக்கு. ஓர் ஊரில் 100 நாய்களில் 70-க்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும். கோவாவில் இதைச் செய்து காட்டினார்கள். வலையுடன் தெருத் தெருவாகச் சென்று நாய்களைப் பிடித்து, ஊசி போட்டு, அங்கேயே விட்டனர். பள்ளி தோறும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினர். 2013-க்கும் 2019-க்கும் இடையில் நாய்களிடையே நோய் 100-க்கு 92 பங்கு குறைந்தது. 2021-இல் வெறிநோய் கட்டுக்குள் வந்த முதல் மாநிலமாகக் கோவா அறிவிக்கப்பட்டது.

கோவாவை விட்டு நம் விடுதி வாயிலுக்கு வருவோம். மீந்த சப்பாத்தியைப் போட்டுப் போட்டு நாம் வளர்த்த நாய்கள் அங்கே படுத்திருக்கின்றன. ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். எதற்கு ஊசி போட்டாயிற்று என்று கேட்டால் விடை சொல்வாரில்லை. காவலாளியின் பிள்ளைகளும் சமையற்காரரின் பிள்ளைகளும் மாலை நேரத்தில் அவற்றோடுதான் விளையாடுகிறார்கள். சங்கத்தார் கால்நடை மருத்துவர் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வரலாம். சோறு போட்ட கைகளுக்குத்தான் அந்நாய்கள் அடங்கும். ஆதலால் பிடித்துக்கொடுக்கும் வேலை நம்முடையது. எந்த நாய்க்கு எந்தத் தேதியில் ஊசி போட்டது, அடுத்தது எப்போது என்பதைச் சாப்பாட்டுக்கூடச் சுவரில், மாதாந்தரக் கணக்குத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் எல்லார் கண்ணிலும் படும்.