மேல்மாடியா, குத்தகை நிலமா, அடுக்குமாடியா?

கேள்வி:

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவரும் நானும் பூச்சோங்கில் மகன் வீட்டில் இருக்கிறோம். கோயிலுக்கும் கடைக்கும் நடந்தே போகிற மாதிரி ஓர் இடத்தில் தனியாக இருக்க ஆசை. கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் பக்கத்தில், போருக்கு முன்னால் கட்டிய கடைவீட்டின் மேல்மாடி வாடகைக்கு வருகிறது. ஐந்து வருடத்துக்குத் தருகிறாராம். அக்ரிமெண்ட் எல்லாம் வேண்டாம், நம்பிக்கைதான் முக்கியம், உள்ளே பழுது பார்ப்பதை உங்கள் செலவிலேயே செய்துகொள்ளுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். தாத்தா காலத்துச் சொத்தாம். இன்னொன்று, வட கிள்ளானில் விலைக்கு ஒரு தரைவீடு. குத்தகை நிலம், 38 வருடம் பாக்கி. மூன்றாவது, பிரிக்பீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி வீடு ஒன்று. சட்டப்படி எது பாதுகாப்பு?

பதில்:

அம்மா, மேல்மாடியைப் பற்றி ஐந்தாறு வரி எழுதியிருக்கிறீர்கள். மற்ற இரண்டுக்கும் ஆளுக்கொரு வரி. மனது எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. அதனால் நானும் அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

முதலில், அந்த ஐந்து வருடம் சட்டத்தின் கண்ணில் ஐந்து வருடமே அல்ல. நமது தேசிய நிலச் சட்டப்படி மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகையை வாய்ப்பேச்சாகவும் கொடுக்கலாம், எழுதியும் கொடுக்கலாம், பதிவு தேவையில்லை. மூன்று ஆண்டைத் தாண்டினால் அது குத்தகை. உரிய படிவத்தில் எழுதி நில அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் அவருக்கும் உங்களுக்கும் இடையே ஏதோ ஒரு பேச்சு இருந்தது என்பதற்கு மேல் அதை நிரூபிக்க நீங்கள் பாடுபட வேண்டியிருக்கும். அவர் கடைவீட்டை விற்றுவிட்டால், வாங்கியவரைப் பொதுவாக உங்கள் வாடகை கட்டுப்படுத்தாது. மூன்று ஆண்டுக்குட்பட்ட வாடகைக்கும் இதே கதைதான், நிலப்பட்டாவில் உங்கள் வாடகை உரிமையைக் குறிப்பாக ஏற்றியிருந்தாலொழிய. இந்தக் குறிப்பை ஏற்றும் வசதி சட்டத்திலேயே இருக்கிறது. பயன்படுத்துகிறவர்களைத்தான் காணோம்.

அடுத்து, ‘தாத்தா காலத்துச் சொத்து’ என்ற சொல்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. பழைய கடைவீதிகளில் நில அலுவலகத்தில் சர்ச் எடுத்துப் பார்த்தால், கெரானில் (நிலப்பட்டாவில்) இருப்பது பல ஆண்டுகளுக்கு முன் இறந்தவரின் பெயராக இருப்பது சாதாரணம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எனப் பத்துப் பேருக்குப் பங்கு இருக்கும். வாடகை வாங்குவது மட்டும் ஒருவர். சொத்தை நிர்வகிக்கும் ஆணையை அவர் வாங்கியிருக்கிறாரா, அல்லது மற்ற வாரிசுகள் அவருக்கு எழுத்தில் அதிகாரம் தந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உயில் இல்லாமல் இறந்தவரின் நிலச் சொத்தை நில அலுவலகத்திலேயே பங்கிட வழி உண்டு. அந்தச் சிறு சொத்துப் பங்கீட்டின் உச்சவரம்பு 2024-இல் 50 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அதையும் செய்யாமல் ஒரு குடும்பம் விட்டுவைத்திருக்கிறது என்றால், பெரும்பாலும் உள்ளே சண்டை இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சண்டை உங்கள் படிக்கட்டு வரை வரும்.

பழைய வீட்டு வாடகைக்காரரை யாரும் எழுப்ப முடியாது என்று உங்கள் தலைமுறையில் பலர் இன்னும் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. 1997-இல் அதை நீக்கச் சட்டம் வந்தது. இடைக்கால அவகாசமும் 1999 டிசம்பரோடு முடிந்தது. போருக்கு முந்தைய கட்டடம் என்பது இன்று அழகுக்கு மட்டும்தான், வாடகைக்காரருக்குக் கவசம் அல்ல. வாடகை வீடுகளுக்கென்று தனிச் சட்டமும் நம் நாட்டில் கிடையாது. உங்களுக்கு இருப்பது ஒப்பந்தம் ஒன்றுதான், அதையும் வேண்டாம் என்கிறார் அவர்!

ஒரு பாதுகாப்பு மட்டும் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், பிரிவு 7(2): வாடகைக் காலம் முடிந்தும் நீங்கள் வெளியேறவில்லை என்றால், வீட்டுக்காரர் நீதிமன்றம் போய்த்தான் வீட்டை மீட்க வேண்டும். பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் அவர் வேலை அல்ல.

செலவு செய்து சரிபண்ணிக்கொள்ளச் சொல்கிறாரே, அதற்கும் வருகிறேன். சுவரில் கட்டுவது, கூரையில் போடுவது எல்லாம் அந்த இடத்தோடு சேர்ந்துவிடும். வெளியேறும்போது பணம் கேட்க, எழுதி வாங்கியிருந்தால்தான் வழி. பெயின்ட் அடிப்பது வேறு. சுவரை இடிப்பது, கழிப்பறையை மாற்றிக் கட்டுவது, மரத்தளத்தை எடுப்பது போன்ற வேலைகளுக்கு 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் அனுமதி தேவைப்படும். கிள்ளானில் அது 2024 பிப்ரவரியில் மாநகர் மன்றமாக உயர்ந்த எம்.பி.டி.கே. கட்டடம் தேசிய பாரம்பரியப் பதிவேட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் ஜன்னலைக்கூட இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அஞ்சடியில் பூச்செடி வைக்க ஆசைப்பட்டாலும், அது பொது நடைபாதை என்பதை மறக்காதீர்கள்.

ஆக, மேல்மாடி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று ஆண்டுக்கு எழுத்து ஒப்பந்தம்; அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு புதுப்பிக்கும் உரிமை; எந்தப் பழுது யார் செலவு என்ற பட்டியல்; முத்திரைத் தீர்வை கட்டிய பிரதி, ஏனென்றால் முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட முடியாது. நிலம் வங்கியில் அடமானத்தில் இருந்தால் வங்கியின் எழுத்துச் சம்மதமும். இவ்வளவுக்கும் கையெழுத்துப் போட மறுக்கிறவர் என்றால் அவருடைய நம்பிக்கை எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். (தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தெங்கு கிளானாவில் தூக்கமும் வராது, கார் நிறுத்த இடமும் கிடைக்காது. அதற்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை.)

வட கிள்ளான் வீட்டைப் பலர் 38 வருடம் என்றதுமே ஒதுக்கிவிடுவார்கள். நான் ஒதுக்க மாட்டேன். உங்கள் இருவர் ஆயுளுக்கு அது போதும். குத்தகை முடிந்தால் நிலம் மாநில அரசிடம் திரும்பும்; நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம், பிரீமியம் கட்ட வேண்டும், கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காலம் குறையக் குறைய வங்கிகள் கடன் தரத் தயங்கும் என்பதால் மகன் பின்னாளில் விற்கச் சிரமப்படுவார். இந்தக் குறையெல்லாம் விலையில் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. பக்கத்துச் சொந்த நில வீட்டின் விலையையே கேட்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பட்டாவில் உரிமைக் கட்டுப்பாடு எழுதியிருந்தால், பெயர் மாற்ற மாநில அரசின் சம்மதம் வேண்டும்; சில மாதம் ஆகலாம் என்பதை விற்பனை ஒப்பந்தத்தின் காலக்கெடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பதும் அதே சர்ச்சில் தெரிந்துவிடும்.

இரண்டு கிள்ளான் இடங்களுக்கும் பொதுவாக ஒன்று. 2021 டிசம்பர் வெள்ளம் தாமான் ஸ்ரீ மூடாவைச் சீரழித்தது நினைவிருக்கும். விற்கிறவரோ வாடகைக்கு விடுகிறவரோ வெள்ளம் வந்த கதையைத் தானாகச் சொல்லமாட்டார். அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். சாதாரண தீ காப்புறுதி வெள்ளத்தை உள்ளடக்காது. தனியாகச் சேர்க்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு ஸ்ட்ராட்டா பட்டா வந்துவிட்டதா, பராமரிப்புக் கட்டணம் பாக்கி எவ்வளவு, சேமநிதியில் பணம் இருக்கிறதா என்று நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள். பழைய கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிச் சேமநிதியும் காலி என்றால் உங்கள் வயதில் ஐந்தாம் மாடி தண்டனை. கே.எல். சென்ட்ரலுக்குப் பக்கம் என்பதால் நாள் வாடகைக்கு விடுகிறவர்களும் இருப்பார்கள். அதை நிர்வாகக் குழு துணைவிதி போட்டுத் தடுக்கலாம் என்று 2020-இல் மோண்ட் கியாராவின் வெர்வ் சூட்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி ஒரு விதி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்டதற்குப் பதில்: காகிதம் சரியாக இருந்தால், சட்டப்படி பாதுகாப்பு வட கிள்ளான் வீடு. மேல்மாடி, மேலே சொன்ன ஒப்பந்தம் கிடைத்தால் மட்டும்.

மேல்மாடிக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் இன்றே அந்த வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: எவ்வளவு கொடுத்தீர்கள், எந்தத் தேதியில், எதற்காக, சர்ச் திருப்தியாக இல்லாவிட்டால் திருப்பித் தருவாரா. அவருடைய பதிலை அழித்துவிடாமல் வைத்திருங்கள்.