எட்டு நாடுகள் சேர்ந்தும் சந்தை ஏன் கூடவில்லை?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். டி-8 என்ற அமைப்பைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரு சந்தேகம். துருக்கி, ஈரான், பாகிஸ்தான், வங்கதேசம், மலேசியா, இந்தோனேசியா, எகிப்து, நைஜீரியா ஆகிய எட்டு நாடுகளும் பொருளாதார ஒத்துழைப்புக்காக 1997இல் கூடின. நூறு கோடிக்கு மேல் மக்கள், எண்ணெய், எரிவாயு, உழைக்க ஆள் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் தங்களுக்குள் மிகக் குறைவாகவே வணிகம் செய்கிறார்கள் என்கிறார்கள். ஒற்றுமை இல்லாததுதான் காரணமா? — வாசகி ஒருவர், ஆம்பூர்

பதில்: நல்ல கேள்வி. தேர்வுக்கு வேண்டியது தலைமையகம் இஸ்தான்புல் என்பதும் உறுப்பினர் பட்டியலும்தான். அதற்கு மேல் 'ஏன்' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலிலும் ஒரு திருத்தம் செய்துகொள்ளுங்கள்: 2024 டிசம்பரில் கெய்ரோ உச்சி மாநாட்டில் அசர்பைஜானையும் சேர்த்துக்கொண்டார்கள். உறுப்பினர்கள் ஒன்பது, பெயர் மட்டும் இன்னும் டி-8.

உங்கள் ஊகத்தை முதலில் பார்ப்போம். ஒற்றுமை இல்லை, சண்டை போட்டுக்கொள்கிறார்கள், அதனால் வணிகம் இல்லை என்பது பலரும் சொல்லும் விடை. சண்டைகள் இருப்பது உண்மைதான். ஆனால் சண்டைக்கும் சரக்குக்கும் நாம் நினைக்கிற அளவுக்குத் தொடர்பு கிடையாது. 2013 நவம்பரில் எகிப்து துருக்கியின் தூதரை வெளியேற்றியது, துருக்கியும் பதிலுக்கு அதையே செய்தது. மீண்டும் தூதர்களை நியமிக்க 2023 ஆகிவிட்டது. அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியில் தலைவர்கள் மேடைகளில் ஒருவரையொருவர் திட்டினார்கள். அதே பத்தாண்டில் இரு நாடுகளுக்கும் இடையே 2007 முதல் நடப்பில் இருந்த தடையற்ற வணிக ஒப்பந்தம் ரத்தாகவில்லை, கப்பல்களும் போய்வந்துகொண்டுதான் இருந்தன. இவ்வளவுக்கும் அது இந்த இரு நாடுகளும் தனியாகச் செய்துகொண்ட ஒப்பந்தம். டி-8க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மறுபக்கம், எந்தச் சண்டையும் இல்லாத மலேசியாவையும் நைஜீரியாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இடையே வணிகம் பெருகி வழிகிறதா? இல்லை. ஆக, காரணத்தை வேறு எங்காவது தேட வேண்டும்.

அமைப்பு பிறந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். இது துருக்கிப் பிரதமர் நெஜ்மெத்தின் எர்பகானின் யோசனை. மேற்கத்திய நாடுகளின் ஜி-7க்கு எதிரே, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும், மக்கள்தொகை மிகுந்த வளரும் நாடுகள் ஓர் அணியாக நிற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். சவூதி அரேபியா போன்ற எண்ணெய்ச் செல்வந்தர்கள் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். 1997 ஜூன் 15 அன்று இஸ்தான்புல் உச்சி மாநாட்டில் அமைப்பு பிறந்தது. ஜூன் 18 அன்று எர்பகான் பதவி விலகினார். துருக்கி ராணுவத்தின் நெருக்குதல் அதற்கு முன்பே பல மாதங்களாக அவர் கழுத்தைப் பிடித்திருந்தது. பெற்றெடுத்த மூன்றாம் நாளே தந்தையை இழந்த அமைப்பு என்று இதைச் சொல்வார்கள். அதையே காரணமாகக் காட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவரே இன்னும் பத்தாண்டு பதவியில் இருந்திருந்தாலும் மூன்று விஷயங்களை அவரால் மாற்றியிருக்க முடியாது.

அவற்றில் முதலாவது தூரம். நெதர்லாந்துப் பொருளியலாளர் யான் டின்பெர்கன் 1962இல் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். அதன் பெயர் 'ஈர்ப்பு மாதிரி'. இரண்டு நாடுகளின் பொருளாதாரம் எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்கு அவற்றிடையே வணிகம் கூடும், இடைப்பட்ட தூரம் எவ்வளவோ அந்த அளவுக்குக் குறையும் என்பதுதான் அதன் சாரம். நியூட்டன் கோள்களுக்குச் சொன்னதை இவர் கப்பல் சரக்குக்குச் சொன்னார். அன்றிலிருந்து எத்தனையோ பேர் சோதித்துவிட்டார்கள், பெரும்பாலும் பலித்தே வருகிறது. இப்போது உலகப் படத்தை விரித்து லாகோசிலிருந்து ஜகார்த்தாவுக்கு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வான்வழியே 11,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தங்கள் வணிகத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தங்களுக்குள்ளேயே செய்துகொள்கின்றன என்றால், பிரஸ்ஸல்ஸில் ஏற்றிய லாரி மறுநாள் பாரிஸில் இறங்குகிறது என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். டி-8 நாடுகளுக்குள் ஒன்றுக்கொன்று நிலத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் வரிசை பாகிஸ்தான், ஈரான், துருக்கி. இப்போது அசர்பைஜானும் அதில் சேர்ந்துகொண்டது. போர்னியோ தீவில் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மற்றவை தனித்தனித் தீவுகள் மாதிரிதான். எட்டு நாடுகளின் மொத்த வணிகத்தில் தங்களுக்குள் நடப்பது பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாமல் இருப்பதில் வியப்பில்லை.

கப்பல் பாதையும் நேராக இருப்பதில்லை. கராச்சிக்கும் சிட்டகாங்குக்கும் இடையே போகும் சரக்கு நெடுங்காலம் கொழும்பு, சிங்கப்பூர் போன்ற துறைமுகங்களில் இறங்கி, வேறு கப்பலில் ஏறித்தான் போனது. 2024 நவம்பரில் கராச்சியிலிருந்து ஒரு சரக்குக் கப்பல் நேராக சிட்டகாங் போனதே தலைப்புச் செய்தி ஆயிற்று. இந்த ஓர் இடத்தில் உங்கள் ஊகத்துக்கும் பாதி மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன்: 1971இல் பாகிஸ்தானிலிருந்து வங்கதேசம் பிரிந்த போரின் கசப்பு அந்தப் பாதையை அடைத்துவைத்ததில் பங்கு வகித்தது.

இரண்டாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது முதல் பார்வையில் தப்பிவிடும். இந்த நாடுகள் விற்பது பெரும்பாலும் ஒரே மாதிரிப் பொருள். வங்கதேசத்தின் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆயத்த ஆடை. பாகிஸ்தானுக்கும் துணிமணிதான் முதல் ஏற்றுமதி. துருக்கி, எகிப்து, இந்தோனேசியா மூன்றும் ஆடை தைத்து ஏற்றுமதி செய்கிறவர்கள். ஒரே தெருவில் ஐந்து தையல் கடைகள் இருந்தால், ஒருவர் இன்னொருவரிடம் சட்டை தைக்கக் கொடுப்பாரா? ஐவரும் தெருவுக்கு வெளியே உள்ள வாடிக்கையாளரைத்தான் பார்ப்பார்கள். இங்கே அந்த வாடிக்கையாளர் ஐரோப்பாவும் அமெரிக்காவும்.

இந்த இடத்தில் நீங்கள் மடக்கலாம்: ஜெர்மனியும் பிரான்சும்கூட ஒரே மாதிரிக் கார்தானே செய்கின்றன, அவர்கள் எப்படி ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்கிறார்கள்? சரியான மடக்கல். அதற்கு 'துறைக்குள் வணிகம்' என்று பெயர். அதாவது, ஒரே துறையின் பொருளை இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று விற்பதும் வாங்குவதும். காரில் ஆயிரக்கணக்கான உதிரிபாகங்கள் உண்டு. கியர்பெட்டி ஒரு நாட்டில், இருக்கை இன்னொரு நாட்டில் என்று பிரித்துச் செய்யலாம். வாங்குகிறவரும் பெயர் பார்த்து வாங்குகிறார். டாக்காவில் தைக்கும் டி-சட்டையில் அப்படிப் பிரித்துக்கொள்ள அதிகம் இல்லை. இருக்கிற கொஞ்சத்திலும், வெளியிலிருந்து வாங்கும் துணியில் பெரும்பகுதியை வங்கதேசம் சீனாவிலிருந்துதான் தருவித்துக்கொள்கிறது. ஆர்டர் கொடுப்பது மேற்கு, மூலப்பொருள் கொடுப்பது சீனா, நடுவில் தைப்பது டாக்கா. அந்தச் சங்கிலியில் இஸ்தான்புல்லுக்கும் லாகோசுக்கும் இடமில்லை.

பொருள் மாறுபடும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள், வாதம் உறுதிப்படும். இந்தோனேசியாவும் மலேசியாவும்தான் உலகின் பாமாயிலில் பெரும்பகுதியை எடுக்கின்றன. பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் எகிப்திலும் அது விளையாது, ஆனால் அடுப்பில் தினமும் வேண்டும். அங்கே வணிகம் தானாகப் பாய்கிறது. அதுபோலத் துருக்கியின் கம்பள ஆலைகளுக்குச் சணல் நூல் வேண்டும், வங்கதேசத்திடம் சணல் இருக்கிறது. அதுவும் பாய்கிறது. இதெல்லாம் டி-8இன் சாதனை அல்லவா என்று கேட்டால், இந்தியாவைப் பாருங்கள். இந்தியா அந்த அமைப்பில் இல்லை, ஆனாலும் உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு அதுதான். உங்கள் ஊர் ரேஷன் கடையில் கிடைக்கும் பாமாயில் பாக்கெட்டுக்கு எந்த உச்சி மாநாடும் தேவைப்படவில்லை. பாகிஸ்தானும் தன் பாமாயிலுக்காக மலேசியாவோடு 2008 முதலும் இந்தோனேசியாவோடு 2013 முதலும் தனித்தனியே வரிச்சலுகை ஒப்பந்தம் வைத்திருக்கிறது.

மூன்றாவது, ஒவ்வொருவரின் கையும் ஏற்கெனவே வேறெங்கோ கட்டப்பட்டிருக்கிறது. துருக்கி 1995ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. சுங்க ஒன்றியம் என்றால், உள்ளே வரியில்லாமல் விற்றுக்கொண்டு, வெளியிலிருந்து வரும் பொருளுக்கு எல்லோரும் ஒரே வரி போடுவது. ஆகவே துருக்கி தன் தொழிற்பொருள் வரியை ஐரோப்பியப் பட்டியலை ஒட்டியே வைக்க வேண்டும். யாருக்காவது சலுகை தர நினைத்தால் பிரஸ்ஸல்ஸைத் திரும்பிப் பார்க்க வேண்டும். எர்பகான் டி-8ஐத் தொடங்கியபோதே இந்தக் கட்டு இருந்தது என்பதுதான் வேடிக்கை. இந்தோனேசியாவுக்கும் மலேசியாவுக்கும் தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியான். நைஜீரியாவுக்கு மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் பொதுச் சுங்கவரி. எல்லோருக்கும் பக்கத்து வீட்டு உறவு முதலில், தூரத்து உறவு பிறகு.

'ஒப்பந்தம் ஒன்றும் போடவில்லையா?' என்று கேட்பீர்கள். போட்டார்கள். 2006 மே மாதம் பாலி தீவில் முன்னுரிமை வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 'முன்னுரிமை' என்பது வரியைக் குறைப்பது, அடியோடு நீக்குவது அல்ல. அது நடைமுறைக்கு வர 2011 ஆகஸ்ட் ஆயிற்று. உள்ளே திறந்து பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். 10 விழுக்காட்டுக்கு மேல் வரி உள்ள பொருள்களில் 8 விழுக்காட்டை மட்டும் ஒவ்வொரு நாடும் சலுகைப் பட்டியலில் வைத்தால் போதும். 25க்கு மேல் இருக்கும் வரி 25க்கு இறங்கும், 15க்கும் 25க்கும் இடைப்பட்டது 15க்கு, 10க்கும் 15க்கும் இடைப்பட்டது 10க்கு. எந்தப் பொருளை வைப்பது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யும். தன் ஆலை முதலாளிகளுக்கு வலிக்கும் பொருளை எந்த அரசு மனமுவந்து பட்டியலில் சேர்க்கும்? இதற்கும் மேலே 'தோற்ற விதி' வேறு, அதாவது ஒரு பொருள் உண்மையில் அந்த நாட்டில்தான் உருவானது என்று காட்டுவதற்கான நிபந்தனை. துணியை வெளியிலிருந்து வாங்கித் தைக்கும் வங்கதேசத்துக்கு அது எப்போதும் முள்ளாகவே இருந்தது.

ஈரானின் கதை தனி. அதோடு வணிகம் செய்ய விரும்புகிறவருக்கும் பணம் செலுத்த வழியில்லை. உலக வங்கிகள் ஒன்றுக்கொன்று பணச் செய்தி அனுப்பும் வலையமைப்பு ஸ்விஃப்ட். 2012இல் பொருளாதாரத் தடையின் பேரில் ஈரானிய வங்கிகளை அதிலிருந்து துண்டித்தார்கள். பின்னர் சேர்த்துக்கொண்டார்கள், 2018இல் அமெரிக்கத் தடை திரும்பியபோது மீண்டும் துண்டித்தார்கள். முதல் தடைக்காலத்தில் துருக்கியிலிருந்து ஈரானுக்குத் தங்கம் திடீரென்று குவியலாகப் போனது. எரிவாயு வாங்கிய பணத்தைச் சுற்றுவழியில் அப்படித் தீர்த்தார்கள். 2023இல் பாகிஸ்தான் ஈரானோடு பண்டமாற்று வணிகத்துக்கே விதிமுறை வெளியிட்டது.

எர்பகானுக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்ல வேண்டும். பிரதமரான சில வாரங்களிலேயே, 1996 ஆகஸ்டில், அவர் தெஹ்ரான் போய் ஒரு பெரிய எரிவாயு ஒப்பந்தத்தை முடித்துவிட்டு வந்தார். அவருக்குப் பின் வந்த அரசுகளுக்கு அவர் கொள்கை பிடிக்கவில்லை, ஆனாலும் குழாயைப் போட்டு முடித்தன. 2001இல் எரிவாயு ஓடத் தொடங்கியது. ஒருவரிடம் எரிவாயு, மற்றவரிடம் குளிர்காலம், நடுவில் ஒரு பொது எல்லை. மாநாட்டு அறிக்கைகள் அத்தனையையும்விட அந்தக் குழாய்தான் அவருடைய உருப்படியான வேலை என்பது என் அபிப்பிராயம். ஈரானிலிருந்து பாகிஸ்தானுக்கு இதே போன்ற குழாய்க்கு 2009இல் ஒப்பந்தம் ஆயிற்று. அமெரிக்கத் தடையில் மாட்டிக்கொள்வோமோ என்ற அச்சத்தில் பாகிஸ்தான் தன் பக்கத்து வேலையை இழுத்தடித்தது.

நிலைமை மாறுமா? 2030க்குள் தங்களுக்குள் 50,000 கோடி டாலர் வணிகம் என்று அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. இலக்கு வைப்பதில் அவர்களுக்குத் தயக்கம் கிடையாது. நான் கவனிப்பது வேறொன்றை. ஐ.நா.வின் 'மிகப் பின்தங்கிய நாடுகள்' பட்டியலிலிருந்து வங்கதேசம் 2026 நவம்பரில் வெளியேறும் என்று குறித்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இருப்பதால்தான் அதன் ஆடைகள் ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் நுழைகின்றன. வெளியேறிய பிறகு ஐரோப்பா மூன்றாண்டு அவகாசம் தரும். அதற்குள் டாக்காவின் ஆலைகள் புதிய சந்தைகளைத் தேடியாக வேண்டும். அப்போது டி-8 சலுகைப் பட்டியலைத் திறந்து, அதில் 8 என்ற எண்ணைப் பெரிதாக்கச் சொல்லி முதலில் கேட்கப்போகிறவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.