காண்டாமிருகம் வழியாக ஒரு மறுமலர்ச்சிப் பாடம்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் 'நவீன யுகத்தின் தொடக்கம்' பாடத்தை நடத்தும் நம் எல்லோருக்கும் தெரிந்த சிக்கல் ஒன்று உண்டு. பெயர்கள் மிகுதி. ஓவியர்கள் ஒரு பக்கம், சமயச் சீர்திருத்தவாதிகள் ஒரு பக்கம், கடற்பயணிகள் ஒரு பக்கம். மாணவர்கள் இவற்றை மூன்று பட்டியல்களாக மனப்பாடம் செய்து, 'பொருத்துக' வினாவில் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். 'மார்ட்டின் லூதர் ரோமுக்குப் போனபோது மைக்கேல் ஆஞ்சலோ என்ன செய்துகொண்டிருந்தார்?' என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அவர் சிஸ்டைன் சிற்றாலயத்தில் சாரத்தின் மேல் நின்று கூரை ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தார். ஓவிய வேலை 1508 முதல் 1512 வரை நடந்தது. லூதர் ரோமுக்குச் சென்றது 1510-11 குளிர்காலத்தில். இருவரும் ஒரே ஊரில் இருந்திருக்கிறார்கள் என்பது மாணவர்களுக்கு முதலில் நம்ப முடியாததாகவே இருக்கிறது.

மூன்று பட்டியல்களையும் ஒரே கதையாக்க என்ன வழி என்று தேடியபோது எனக்குக் கிடைத்தது ஒரு விலங்கின் படம். 1515-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் வெளியிட்ட காண்டாமிருகப் படம் அது. மரக்கட்டையில் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சிட்டது. ஏறத்தாழ ஏ4 தாள் அளவுதான். ஒரு நகல் எடுத்துக் கரும்பலகையில் ஒட்டினால் போதும்.

படத்தை ஒட்டிவிட்டு ஐந்து நிமிடம் நான் எதுவும் பேசவில்லை. 'என்னவெல்லாம் தெரிகிறது, எழுதுங்கள்' என்று மட்டும் சொன்னேன். உடம்பெல்லாம் இரும்புக் கவசம் போட்ட மாதிரி இருக்கிறது என்றான் ஒருவன். காலில் மீன் செதில் இருக்கிறதே என்றாள் ஒரு மாணவி. கழுத்துக்குப் பின்னால் முதுகில் இன்னொரு குட்டிக் கொம்பு இருப்பதைக் கடைசி வரிசையிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள். அறிவியல் பாடப்புத்தகத்தில் உள்ள காண்டாமிருகத்தை எடுத்து ஒப்பிடச் சொன்னேன். முதுகுக் கொம்பு அதில் இல்லை. 'அப்படியென்றால் இவர் ஏன் போட்டார்?' என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்தது. டியூரர் காண்டாமிருகத்தைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் சொன்னேன்.

இனி அந்த விலங்கின் கதை. குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் ஷா அதைப் போர்ச்சுக்கீசிய ஆளுநர் அல்புகர்க்குக்குப் பரிசாகக் கொடுத்தார். அல்புகர்க் டையூவில் கோட்டை கட்ட அனுமதி கேட்டிருந்தார். அனுமதி கிடைக்கவில்லை, காண்டாமிருகம் கிடைத்தது! (இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும், சிரிக்க விடலாம்.) அவர் அதைக் கோவாவிலிருந்து மன்னர் மானுவலுக்கு அனுப்பிவைத்தார். 1515 ஜனவரியில் புறப்பட்ட கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மே 20-இல் லிஸ்பனை அடைந்தது. வாஸ்கோடகாமா திறந்த வழிதான். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பியர் யாரும் தங்கள் மண்ணில் உயிருள்ள காண்டாமிருகத்தைக் கண்டதில்லை. லிஸ்பனிலிருந்து ஒருவர் அதைப் பற்றிக் கடிதம் எழுத, அதனுடன் ஒரு கோட்டுப்படமும் நியூரம்பெர்க்குக்குப் போயிற்று. அவற்றை வைத்து டியூரர் வரைந்தார். அச்சில் வந்ததால் படம் ஐரோப்பா முழுவதும் பரவியது. 18-ஆம் நூற்றாண்டு வரை பலரும் காண்டாமிருகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம்பினார்கள்.

படத்தின் மேலே உள்ள ஜெர்மன் வரிகளில் விலங்கு வந்த ஆண்டு 1513 என்று இருக்கிறது. கப்பல் வந்ததோ 1515-இல். அச்சில் வந்தது எல்லாம் சரியாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று நமக்குக் கிடைக்காது. 'வரலாற்றுச் சான்றுகளை ஆராய்தல்' என்று கற்றல் விளைவில் எழுதிவைக்கிறோம். இதுதான் அது.

இந்த இடத்தில் ஒரு செயல்பாடு. ஒரு மாணவி அழுங்கைப் பற்றிய ஆறு வரிகளை, பெயர் சொல்லாமல் படித்தாள். மற்றவர்கள் கேட்டு வரைந்தார்கள். ஒருவன் நான்கு கால் வைத்த கெண்டை மீனை வரைந்திருந்தான். இன்னொருவன் பலாப்பழத்துக்கு வால் வைத்தது போல வரைந்திருந்தான். டியூரர் எவ்வளவு நன்றாக வரைந்திருக்கிறார் என்று அதன்பிறகு அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

காண்டாமிருகம் லிஸ்பனோடு நிற்கவில்லை. மன்னர் மானுவல் அதைப் போப் பத்தாம் லியோவுக்குப் பரிசாக அனுப்பினார். முந்தைய ஆண்டு அவர் அனுப்பிய யானை ஒன்று ஏற்கெனவே ரோமில் செல்லப்பிள்ளையாக இருந்தது. 1516 தொடக்கத்தில் இத்தாலியக் கடற்கரை அருகே கப்பல் மூழ்கியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த விலங்கு நீந்தித் தப்ப முடியாமல் இறந்தது. மாணவர்கள் இதற்கு உண்மையாகவே வருந்தினார்கள். பத்தாம் லியோவின் பெயர் அவர்கள் மனத்தில் பதிந்தது இப்படித்தான். இரண்டாம் பட்டியலுக்கு இங்கே கதவு திறக்கிறது.

காண்டாமிருகம் லிஸ்பனில் இறங்கிய அதே 1515-இல்தான், மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட்டின் பகுதிகளில் பாவமன்னிப்புச் சீட்டுகளை விற்க லியோ அனுமதி தந்தார். ரோமில் புனித பேதுரு பேராலயத்தைப் புதிதாகக் கட்டும் பணி 1506-இல் தொடங்கியிருந்தது. அதற்குப் பணம் வேண்டும். இளம் வயதிலேயே பல பதவிகளைப் பெற்ற ஆல்பிரெக்ட், அதற்காக ரோமுக்குக் கட்ட வேண்டிய தொகையை ஃபுக்கர் என்ற வட்டிக்கடைக் குடும்பத்திடம் கடன் வாங்கியிருந்தார். எனவே சீட்டு விற்ற பணத்தில் பாதி பேராலயத்துக்கு, பாதி கடனை அடைக்க. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் அம்புக்குறிகளோடு வரைந்தால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். கடன், வட்டி, தவணை எல்லாம் அவர்கள் வீட்டில் கேட்கும் சொற்கள்தாம்.

1517 அக்டோபர் 31 அன்று லூதர் தம் 95 கருத்துகளை இந்த ஆல்பிரெக்ட்டுக்குத்தான் கடிதத்துடன் அனுப்பினார். அது உறுதி. ஆலயக் கதவில் ஆணி அடித்த காட்சியை லூதர் தம் எழுத்துகளில் எங்கும் குறிப்பிடவில்லை. பிற்காலத்தில் மற்றவர்கள் சொன்னது. இரண்டையும் பிரித்துச் சொல்வது நல்லது.

இந்தப் பகுதியை நடத்தும்போது சற்று நிதானம் தேவை. என் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், சி.எஸ்.ஐ. சபைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 'எங்க கோயில்லயும் சீட்டு வித்தாங்களா டீச்சர்?' என்று ஒரு மாணவி கேட்டாள். பக்கத்து வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. இத்தகைய சிரிப்பு வகுப்பறைக்கு வெளியே சண்டையாக மாறக்கூடியது. விடையைத் தள்ளிப்போடாமல் அங்கேயே சொன்னேன். திருச்சபையின் போதனைப்படி பாவத்தை மன்னிப்பது சீட்டு அல்ல. மன்னிக்கப்பட்ட பிறகும் மீதமிருக்கும் தண்டனையைக் குறைப்பதே அதன் நோக்கம். ஊர் ஊராக விற்றவர்கள் அதை மிகைப்படுத்தினார்கள். லூதர் அப்போது கத்தோலிக்கத் துறவி. தம் வீட்டுக்குள் இருந்தே கேள்வி கேட்டவர். பின்னர் திருச்சபையே 1563-இல் டிரென்ட் பொதுச்சங்கத்தில் இந்த முறைகேடுகளைக் கண்டித்தது. 1567-இல் போப் ஐந்தாம் பயஸ் பணம் வாங்கிக்கொண்டு சலுகை வழங்குவதை ரத்து செய்தார். இந்தக் கடைசி இரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொன்ன பிறகுதான் அந்த மாணவியின் முகம் தெளிந்தது. பாடநூலில் இடம் இல்லாவிட்டாலும் இவற்றை விடாமல் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மீண்டும் டியூரர். 1520 ஜூலையில் அவர் மனைவியோடு நெதர்லாந்துப் பகுதிக்குப் பயணம் போனார். முந்தைய பேரரசர் தந்துவந்த உதவித்தொகையைப் புதிய பேரரசர் ஐந்தாம் சார்லஸ் தொடர வேண்டும் என்று விண்ணப்பிக்கத்தான். (ஓய்வூதியக் கோப்போடு அலைவது நமக்குப் புதிதல்ல.) செலவுக் கணக்கோடு நாட்குறிப்பும் எழுதினார். பிரசல்ஸ் நகரில், மெக்சிகோவிலிருந்து கோர்டெஸ் சார்லசுக்கு அனுப்பிய பொருள்களை நேரில் கண்டார். ஆறடி அகலத்தில் முழுப் பொன்னால் ஒரு சூரியன், அதே அளவில் வெள்ளியால் ஒரு நிலவு. பொற்கொல்லரின் மகனான அவர், தொலைதூர நாட்டு மக்களின் கைத்திறனை எண்ணி வியந்து எழுதினார். அந்தப் பொன் பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டு மே மாதம், லூதரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்ற செய்தி கேட்டுக் கலங்கி, அதே நாட்குறிப்பில் நீண்ட புலம்பலை எழுதினார். உண்மையில் லூதரை நண்பர்களே பாதுகாப்புக்காக ஒரு கோட்டையில் மறைத்து வைத்திருந்தார்கள்.

ஓவியர், கடற்பயணம், சமயம் மூன்றும் ஒரே மனிதரின் நாட்குறிப்பில் வந்துவிட்டன. இனி வகுப்பின் பின்சுவரில் ஒரு கயிறு கட்டலாம். 1450 முதல் 1600 வரை, ஓராண்டுக்கு மூன்று சென்டிமீட்டர். நாலரை மீட்டரில் அடங்கிவிடும். மூன்று நிறத் துண்டுச் சீட்டுகளில் பெயரும் நாளும் எழுதி மாணவர்கள் தொங்கவிட்டார்கள். 1521 என்ற இடத்தில் மட்டும் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. ஏப்ரல் 18: வோர்ம்ஸ் மன்றத்தில் பேரரசர் சார்லஸ் முன்னிலையில் லூதர் தம் கருத்தை மாற்றிக்கொள்ள மறுத்தார். ஏப்ரல் 27: சார்லசின் ஆதரவில் புறப்பட்ட மெகல்லன் பிலிப்பைன்ஸின் மக்டான் தீவில் கொல்லப்பட்டார். மே 20: சார்லசின் தரப்பில் பாம்ப்லோனா கோட்டையைக் காத்துநின்ற இக்னேஷியஸ் லயோலா குண்டடிபட்டுக் கால் முறிந்தார், படுக்கையில் கிடந்தபோது படித்த நூல்கள் அவரை இயேசு சபை நோக்கித் திருப்பின. ஆகஸ்ட் 13: சார்லசின் பெயரால் கோர்டெஸ் ஆஸ்டெக் தலைநகரைக் கைப்பற்றினார். நான்கு மாதத்துக்குள் நான்கு நிகழ்வு. 'எல்லாத்துலயும் இந்த சார்லஸ் இருக்காரே' என்றார்கள். அவருக்கு அப்போது வயது 21.

அதே கயிற்றில் கிருஷ்ணதேவராயரையும் (1509-1529) பாபரையும் தொங்கவிட்டான் ஒருவன். நான் சொல்லவில்லை.

கடற்பயணப் பகுதியில் 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லைப் பற்றி ஐந்து நிமிடம் பேசலாம். மக்டான் மக்களுக்கு லாபுலாபு என்ற தலைவர் இருந்தார். அவரைப் பிலிப்பைன்ஸ் நாட்டவர் இன்று வீரராகப் போற்றுகிறார்கள். மெகல்லனுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் மலாக்காவில் அடிமையாக வாங்கப்பட்ட என்ரிக். ஐந்து கப்பல்களில் விக்டோரியா ஒன்று மட்டுமே 1522 செப்டம்பர் 6 அன்று கிராம்பு மூட்டைகளோடு ஸ்பெயின் திரும்பியது. அதிலிருந்து இறங்கியவர்கள் 18 பேர். லூதரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு அச்சில் வந்ததும் அதே மாதம்.

அவர்களுள் ஒருவரான பிகபெட்டா நாள் தவறாமல் குறிப்பு எழுதியவர். வழியில் கேப் வெர்டே தீவில் இறங்கியபோது அவர் கணக்கில் புதன்கிழமை, ஊரில் வியாழக்கிழமை. ஒரு நாள் எங்கே போயிற்று? உலக உருண்டையையும் டார்ச் விளக்கையும் கொடுத்து நான்கு குழுக்களாக உட்கார வைத்தேன். விடை சொல்லவில்லை. பன்னாட்டுத் தேதிக் கோடு பற்றிப் புவியியலில் வரும் பத்திக்கு அன்றே வந்துசேர்ந்தார்கள். பாடவேளை போதவில்லை, அடுத்த பாடவேளை கணிதம். கணித ஆசிரியர் பத்து நிமிடம் விட்டுக்கொடுத்தார்.

மொத்தம் ஐந்து பாடவேளைகள் ஆயின. வழக்கத்தைவிட ஒன்று கூடுதல். காலாண்டுத் தேர்வின் நெடுவினாவில் 'சமயச் சீர்திருத்தத்தின் காரணங்கள்' கேட்டபோது, பெரும்பாலானோர் பேராலயக் கட்டுமானம், கடன், சீட்டு, அச்சு என்று வரிசையாகக் காரணம் சொல்லி எழுதினார்கள். இருவர் காண்டாமிருகத்தையும் எழுதியிருந்தார்கள். தொடர்பு இருந்ததால் அடிக்கவில்லை.

கயிற்றின் வலப்பக்கம் கொஞ்சம் காலியாக இருந்தது. அங்கே நம் கடற்கரையைச் சேர்த்தோம். லயோலாவின் சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் சேவியர் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அதே சபையின் ஹென்றிக் ஹென்றிக்ஸ் தமிழ் கற்று உருவாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சானது. 16 பக்க நூல். லூதர் வழி வந்த சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியதற்குக் கயிறு போதவில்லை; கதவு வரை நீட்டினோம். ஜெர்மன் மொழிக்கு முப்பதுக்கும் குறைவான எழுத்து, நமக்கு 247 ஆயிற்றே, அத்தனைக்கும் ஈய அச்சு வார்த்தார்களா என்று ஒரு மாணவி கேட்டாள். தமிழாசிரியரிடம் அனுப்பிவைத்தேன். கால் எழுத்தையும் கொம்பையும் தனியே பிரித்தால் எத்தனை வடிவம் வேண்டியிருக்கும் என்று இருவரும் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.