இணைப்பு விமானத்துக்கு முன் சில மணி நேரம்: ஓய்வறையா, ஊர் உலாவா?

ஒரு விமானத்திலிருந்து இறங்கி மற்றொரு விமானத்தில் ஏறிச் செல்லும் பயணங்களில், இடையே சில மணி நேரக் காத்திருப்பு அமைவது இயல்பு. அந்நேரத்தை லவுஞ்ச் எனப்படும் ஓய்வறையில் கழிக்கலாம். நேரம் போதுமெனில் ஊருக்குள் சென்று ஓரிடத்தைக் கண்டும் வரலாம். இவற்றுள் எது பொருந்தும் என்பதை ஒரு சிறு கழித்தல் கணக்கே தீர்மானிக்க வேண்டும். அக்கணக்கையும், வங்கி அட்டையைக் கொண்டு ஓய்வறையைப் பயன்படுத்தும்போது அறிந்திருக்க வேண்டியவற்றையும் தில்லி விமான நிலையத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

கையில் உள்ள நேரம் எவ்வளவு?

பயணச்சீட்டில் காணப்படும் இடைவெளி முழுவதும் பயணிக்கு உரியதன்று. ஒருவர் காலை 10 மணிக்குத் தில்லியின் மூன்றாம் முனையத்தில் இறங்குகிறார். அடுத்த உள்நாட்டு விமானம் அதே முனையத்திலிருந்து மாலை 4 மணிக்குப் புறப்படுகிறது எனக் கொள்வோம். இடைவெளி 6 மணி நேரம், அதாவது 360 நிமிடங்கள்.

விமானத்திலிருந்து இறங்கி முனையத்தை விட்டு வெளியே வர 45 நிமிடங்களை ஒதுக்க வேண்டும். உள்நாட்டு விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத் திரும்பிவிடுவது பாதுகாப்பானது. அதற்கு 120 நிமிடங்கள். நகருக்குச் சென்று திரும்பும் பயணத்துக்கு, நடையும் காத்திருப்பும் சேர்த்து, 80 நிமிடங்கள். ஆக 245 நிமிடங்கள் கழிகின்றன. எஞ்சுவது 115 நிமிடங்கள். எதிர்பாராத தாமதத்துக்கென மேலும் 30 நிமிடங்களை ஒதுக்கினால், ஊர் பார்க்கக் கிடைப்பது 85 நிமிடங்களே.

இதே கணக்கை 4 மணி நேர இடைவெளிக்குப் போட்டுப் பாருங்கள். 240 நிமிடங்களிலிருந்து 245 நிமிடங்களைக் கழிக்க இயலாது. அத்தகைய நாளில் முனையத்துக்குள்ளேயே இருப்பதுதான் அறிவுடைமை.

85 நிமிடங்களில் தில்லி

தில்லி விமான நிலையத்தையும் நகரின் மையப்பகுதியையும் இணைக்கும் விரைவு மெட்ரோ தடம் 2011-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மூன்றாம் முனையத்திலிருந்து புது தில்லி நிலையத்தை ஏறக்குறைய 20 நிமிடங்களில் அடையலாம். அதற்கு முந்தைய நிலையமான சிவாஜி ஸ்டேடியத்தில் இறங்கினால் கன்னாட் பிளேஸ் வட்டாரம் அருகில் உள்ளது. சாலை நெரிசல் இத்தடத்தைப் பாதிக்காது என்பதால், திரும்பும் நேரத்தை ஓரளவு உறுதியாகக் கணிக்க முடிகிறது.

85 நிமிடங்களில் ஓரிடத்தை மட்டும் தேர்ந்துகொள்வது நலம். ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் ஜெய்சிங் 18-ஆம் நூற்றாண்டில் நிறுவிய ஜந்தர் மந்தர் என்னும் வானாய்வுக்கூடம் அதற்கு ஏற்றது. நிழல் நகர்வதைக் கொண்டு நேரம் அறியும் சாம்ராட் யந்திரத்தை இங்கே காணலாம். வழிபாட்டில் நாட்டமுள்ளோர் எட்டாவது சீக்கிய குருவான ஹர் கிருஷணின் நினைவோடு தொடர்புடைய பங்களா சாகிப் குருத்வாராவுக்குச் செல்லலாம். அங்கே தலையைத் துணியால் மூடி, காலணியைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். குதுப் மினார், செங்கோட்டை ஆகியவற்றை நீண்ட இடைவெளி அமையும் நாளுக்கு ஒத்திவைக்கலாம்.

முதலில் உலா, பின்னர் ஓய்வறை

பெரும்பாலான ஓய்வறைகள் பாதுகாப்புச் சோதனையைக் கடந்த பகுதியில் உள்ளன. முதலில் ஓய்வறைக்குச் சென்று, பிறகு ஊருக்குள் சென்றால், அதே சோதனையை மீண்டும் கடக்க நேரிடும். அட்டைக்குரிய இலவச நுழைவுகளில் ஒன்றும் முன்னதாகவே தீர்ந்துவிடும். எனவே ஊர் உலாவை முதலில் முடித்துத் திரும்புங்கள். முன்பு ஒதுக்கிய இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சோதனையை முடித்துக்கொண்டு, எஞ்சும் நேரத்தில் ஓய்வறையில் உணவருந்தி இளைப்பாறலாம்.

அட்டையை நீட்டும் முன்

ஓய்வறை நுழைவு எல்லா அட்டைகளுக்கும் ஒன்றுபோல் வழங்கப்படுவதில்லை. ஒரு காலாண்டில் அல்லது ஓர் ஆண்டில் எத்தனை முறை என்னும் வரம்பு உண்டு. பல அட்டைகளில், முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகைக்குச் செலவு செய்திருந்தால் மட்டுமே இச்சலுகை கிடைக்கும். உள்நாட்டு ஓய்வறைக்குப் பொருந்தும் அட்டை பன்னாட்டு ஓய்வறைக்கும் பொருந்தும் எனக் கருதிவிடலாகாது. உடன் வருவோருக்குத் தனிக் கட்டணம் விதிக்கப்படலாம். நுழைவின்போது அட்டையைச் சரிபார்க்க ₹2 போன்ற சிறு தொகை எடுக்கப்படுவது வழக்கம். அதைவிடக் கூடுதலான தொகை திரையில் தோன்றினால், இரகசிய எண்ணை அழுத்தும் முன் காரணத்தைக் கேட்டறியுங்கள்.

ஓய்வறையைத் தேடிச் செல்வோரைக் குறிவைக்கும் மோசடியும் உண்டு. ஓய்வறை நுழைவைப் பெற்றுத் தருவதாகக் கூறிய போலிச் செயலி ஒன்று 2024-ஆம் ஆண்டு இந்தியாவில் வெளிச்சத்துக்கு வந்தது. அதைக் கைப்பேசியில் நிறுவியோரின் குறுஞ்செய்திகள் மோசடிக்காரர்களைச் சென்றடைந்தன. ஒருமுறைக் கடவுச்சொல்லும் குறுஞ்செய்தியாகவே வருவதால், கணக்கிலுள்ள பணத்தை இழக்க இதுவே வழியாகிறது. அறிமுகமற்றோர் அனுப்பும் இணைப்பிலிருந்து எந்தச் செயலியையும் நிறுவாதீர்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே வங்கிக்கும், 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

தவறவிட்டால் நேரும் இழப்பு

முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், இரண்டும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்கும்போது மாற்று ஏற்பாடு செய்யும் பொறுப்பு பொதுவாக விமான நிறுவனத்தைச் சேரும். தனித்தனியாக எடுத்த சீட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க இயலாது. ஊர் சுற்றச் சென்று தவறவிட்டாலோ, ஒரே எண்ணில் எடுத்த சீட்டானாலும் இழப்பு பயணியுடையதே. ஓய்வறையிலும் கவனம் தேவை: பல ஓய்வறைகளில் விமான அறிவிப்புகள் ஒலிபரப்பப்படுவதில்லை. கைப்பேசியில் நினைவூட்டலை அமைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே செல்லும் முன் ஐந்து கேள்விகள்

1. அடுத்த விமானம் எந்த முனையத்திலிருந்து புறப்படுகிறது? தில்லியின் முதல் முனையம், மூன்றாம் முனையத்திலிருந்து தொலைவில் உள்ளது.
2. பெட்டிகள் நேராக இறுதி ஊருக்குச் செல்கின்றனவா, இங்கே பெற்றுக்கொள்ள வேண்டுமா?
3. பயணச்சீட்டும் அடையாள அட்டையும் கையில் உள்ளனவா? மீண்டும் உள்ளே நுழைய இரண்டும் தேவை.
4. இடைநிற்கும் ஊர் வெளிநாடாயின், நகருக்குள் செல்ல விசா வேண்டுமா?
5. கழித்தல் கணக்கில் ஒரு மணி நேரமேனும் எஞ்சுகிறதா?

ஐந்துக்கும் தெளிவான விடை கிடைத்தால் உலாவுக்குப் புறப்படலாம். ஒன்றிலேனும் ஐயம் இருந்தால், அன்றைக்கு ஓய்வறையே உகந்தது.